குடியேறியோர் பெற்ற இடம்: மதுரைச் சௌராஷ்டிரரைக் குறித்து

பிறநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு கூட்டத்தார் தாம் வந்து சேர்ந்த தேசத்தின் பாஷையையும் நடையுடை பாவனைகளையும் எத்தனை தலைமுறைக்குள் கைக்கொள்கிறார்கள், தம்முடையவற்றுள் எவற்றை விடுகிறார்கள், எவற்றை எளிதில் விடாமல் பற்றி நிற்கிறார்கள் என்னும் விஷயத்தைச் சாஸ்திரீயமாக ஆராய முற்பட்டவர்களுள் அமெரிக்கச் சமூகவியலார் முன்வரிசையில் நிற்பது இயல்பே. அந்நாட்டின் ஜனத்தொகையில் பெரும்பகுதி குடியேறியவர்களால் ஆனதன்றோ? பல உலோகங்களையும் ஒன்றாக உருக்கும் மூசை என்ற உருவகத்தை அந்நாட்டுக்குப் பொருத்தி, இஸ்ரேல் ஸாங்வில் தம் நாடகத்துக்குத் தலைப்பாக்கி 1908இல் மேடையேற்றினார். சிகாகோ சர்வகலாசாலையின் ராபர்ட் பார்க் 1920களில், சந்திப்பு, போட்டி, இணங்கிப்போதல், கலந்துவிடுதல் என்னும் நான்கு படிகளை வகுத்து, குடியேறியவர் யாவரும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தே தீரவேண்டியவர் போல எழுதினார். கலத்தல் தானாக நிகழும்வரை காத்திருக்க அந்நாட்டு அதிகாரிகளுக்குப் பொறுமை இருந்ததில்லை என்பதையும் உடன் கூறவேண்டும். முதல் உலக யுத்தத்தின்போது, 1918இல், அயோவா மாகாண கவர்னர் வில்லியம் ஹார்டிங் ரயிலிலும் பொதுவிடங்களிலும் டெலிபோனிலுங்கூட ஆங்கிலமல்லாத பாஷையைப் பேசலாகாதென்று பிரகடனம் செய்தார். மறு ஆண்டில் நெப்ராஸ்கா மாகாணம் சிறுவர்களுக்கு அந்நிய பாஷை கற்பிப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்ற, அச்சட்டம் செல்லாதென்று தீர்ப்புப் பெற 1923 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த ஆராய்ச்சிகளுள் நமக்கு மிகவும் பயன்படுவது மில்டன் கார்டன் 1964இல் வெளியிட்ட நூல் என்பது என் அபிப்பிராயம். பாஷை, உடை, உணவு, நடத்தை ஆகியவற்றில் கலந்துவிடுதல் வேறு. சிநேகம், சங்கம், விவாகம் ஆகியவற்றில் கலந்துவிடுதல் வேறு. முதலாவது நிகழ்ந்துவிட்டதனாலேயே இரண்டாவதும் நிகழ்ந்துவிடும் என்பதற்கு நிச்சயமில்லை என்று அவர் பிரித்துக் காட்டினார். இப்பாகுபாட்டைக் கையிலெடுத்துக்கொண்டு மதுரை மாநகரத்துக்கு வருவோமாயின், அமெரிக்க நூல்களிற் காணப்படாத ஒரு விசித்திரம் நமக்குப் புலனாகும்.

திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்து சற்று நேரம் நின்று கேட்பவர்களுக்கு இது விளங்கும். முதலாளி வாடிக்கைக்காரரிடம் மதுரைத் தமிழில், அதன் ஏற்ற இறக்கங்களில் ஒன்றும் குறையாமல், விலை பேசிக்கொண்டிருப்பார். பேசிக்கொண்டே உள்ளே திரும்பிக் கடைப் பையனிடம் வேறொரு சரக்கை எடுத்து வரும்படி சொல்லும்போது, வெளியூர்க்காரருக்கு ஒரு சொல்லும் பிடிபடாத பாஷையில் சொல்வார். கணக்கை மறுபடியும் தமிழில் எழுதுவார். இம்மாற்றம் வாக்கியத்துக்கு வாக்கியம் நிகழ்வதை அவரும் கவனிப்பதில்லை, அவரிடம் நெடுங்காலம் துணி வாங்குகிறவரும் கவனிப்பதில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரத்தில் வாழும் சௌராஷ்டிர சமூகத்தார், ஊராரோடு ஊராராய்க் கலந்த பின்பும், வடநாட்டுப் பாஷைக் குடும்பத்தைச் சேர்ந்த தம் பேச்சை வீட்டிலே வைத்துக் காத்து வந்திருக்கிறார்கள். பார்க் வகுத்த நான்கு படிகளில் இவர்கள் எந்தப் படியில் நிற்பதாகச் சொல்வது?

இக்கேள்வியை முதலில் தெளிவாக எழுப்பியவர் குஜராத்தி பாஷையியலாராகிய பிரபோத் பண்டித். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்களின் மக்கள் தாய்பாஷையை விட்டுவிடுவதே வழக்கம், காப்பதே அதிசயம். பாரத தேசத்திலோ காப்பதே வழக்கம், விட்டுவிடுவதற்குத்தான் காரணம் தேடவேண்டும் என்று 1972இல் அவர் வாதித்தார். அவர் எடுத்துக்கொண்டு ஆராய்ந்த கூட்டங்களுள் தமிழ்நாட்டுச் சௌராஷ்டிரரும் ஒரு கூட்டத்தார்.

இச்சமூகத்தாரின் பூர்விகம் பற்றிய ஐதிகம் நெடியது. மண்டசோரில் கிடைத்துள்ள ஒரு வடமொழிச் சாசனம், குஜராத்தைச் சார்ந்த லாட தேசத்திலிருந்து தசபுரம் என்னும் அவ்வூருக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று கி.பி. 437இல் சூரியனுக்கு ஓர் ஆலயம் எடுப்பித்ததையும் 473இல் அதைப் புதுப்பித்ததையும் கூறுகிறது. அச்சங்கத்தாரில் சிலர் வில்வித்தையிலும் சிலர் சோதிடத்திலும் சிலர் கதை சொல்வதிலும் புகுந்தனரென்றும், மற்றையோர் நெசவையே விடாது செய்தனரென்றும் அதிலேயே வருகிறது. மதுரைச் சௌராஷ்டிரர் இவர்களுடைய சந்ததியார் என்று எழுதிவருபவர் பலர். இரண்டுக்குமிடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியை நிரப்பும் ஆதாரம் ஏதுமின்மையால் அதை ஒரு விருப்பமாகக் கொள்ளலாமே தவிர முடிவாகக் கொள்வதற்கில்லை. அதைக் காட்டிலும் மதிப்புடைய சான்று அவர்கள் வீட்டு மங்கல காரியங்களிலேயே இருக்கிறது. நிச்சயதார்த்தத்தில் பெண்வீட்டாரும் பிள்ளைவீட்டாரும் வினாவும் விடையுமாகத் தம் முன்னோர் வந்த வழியைச் சொல்லும் மரபு ஒன்றுண்டு. சௌராஷ்டிரத்திலிருந்து தேவகிரிக்கும், தேவகிரியிலிருந்து விஜயநகரத்துக்கும், அங்கிருந்து மதுரைக்கும் வந்த கதை அதில் முறையாக வரும். அவர்கள் பேச்சில் நிறைந்து கிடக்கும் தெலுங்குச் சொற்களும் கன்னடச் சொற்களும் இவ்வழிப் பயணத்துக்குச் சாட்சி கூறுகின்றன. எந்தச் சரித்திராசிரியனும் எழுதிவைக்காததை ஒரு சமூகம் கல்யாண வீட்டில் சொல்லிச் சொல்லியே காத்தது என்பது வியக்கத்தக்கதே.

அவர்களை மதுரைக்கு வரவழைத்தது நாயக்க மன்னரின் அரண்மனைக்கு வேண்டியிருந்த பட்டு. பட்டுநூற்காரர் என்று ஊரார் இட்ட பெயரே பிற்காலத்துச் சர்க்கார் ஏடுகளிலும் ஏறியது. மகாலை அண்டியே அவர்களுடைய தெருக்கள் அமைந்தன. வைகைத் தண்ணீரில் சாயம் நன்கு பிடிக்கும் என்ற நம்பிக்கை மதுரைச் சாயக்காரர்களிடையே நெடுநாளாக உண்டு. பட்டோடு நில்லாமல் பருத்தியிலும் அவர்கள் ஒரு கைத்திறனை வளர்த்தார்கள், அதுவே சுங்குடி. துணியை மடித்து, விரல் நகத்தால் ஒரு சிறு நுனியைக் கிள்ளி உயர்த்தி, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டு, இப்படியே சேலை முழுவதும் முடிச்சுகளாக்கிப் பின் சாயத்தில் தோய்த்து, உலர்ந்த பிறகு பிரித்தால், முடிச்சிட்ட இடமெல்லாம் சாயம் ஏறாத வெண்புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே மயிரிழை போன்ற ஒரு நிறப்பொட்டு நிற்பது கையால் கட்டியதற்கு அடையாளம். இம்முடிச்சுகளைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் அமர்ந்து போட்டார்கள். இது தொழிலைப் பற்றிய செய்தி மட்டுமன்று. பாஷையைப் பற்றிய செய்தியும் ஆகும். தறியும் சாயத்தொட்டியும் முடிச்சு வேலையும் வீட்டுக்குள்ளேயே இருந்தமையால், குழந்தை தொழிலையும் பேச்சையும் ஒரே இடத்தில், ஒரே வாயிலிருந்து கற்றது. கொள்முதலும் விற்பனையும் தமிழில் நடந்தன. உற்பத்தி முழுவதும் சௌராஷ்டிரப் பேச்சில் நடந்தது. பல தலைமுறை தம் பாஷையைக் காத்தவர்களைப் பற்றிப் பேசும்போது பாஷாபிமானம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். அபிமானம் இருந்திருக்கலாம், வீட்டுக்குள் தறி இருந்தது என்பதே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, இவர்கள் தமிழ்ச் சமூகத்தில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்ற வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். மதுரையை ராணி மங்கம்மாள் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், ஆவணி அவிட்டமாகிய உபாகர்மத்தை அனுஷ்டித்ததற்காகச் சௌராஷ்டிரர் பதினெண்மர் அதிகாரிகளால் பிடிக்கப்பட்டனர். நெசவு செய்வோருக்குப் பூணூற் சடங்கு ஏது என்பது பிடித்தவர்களுடைய கட்சி. விவகாரம் ராணியின் முன் சென்றது. சாஸ்திரம் வல்லோரின் சபை கூட்டப்பட்டு விசாரணை நடந்தது. சௌராஷ்டிரர் தம் சடங்குகளைப் பிராமண முறையில் நடத்திக்கொள்ளலாம் என்று 1705இல் ஓலைச்சாசனம் பிறந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள் பற்றிய தொகுதிகளில் இவ்வரலாறு இடம்பெற்றிருக்கிறது. இவ்வுரிமையைச் சென்னை ராஜதானியில் மற்றையோர் எளிதில் ஒப்பவில்லை என்பதும் அக்காலத்து எழுத்துக்களால் தெரியவருகிறது.

இந்த வழக்கில் எது கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்பதைக் கூர்ந்து பார்க்கவேண்டும். நீங்கள் ஏன் தமிழ் பேசவில்லை என்று யாரும் கேட்கவில்லை. வேற்று நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதும் குற்றமாகவில்லை. வழக்கைக் கேட்ட ராணிதானும் தெலுங்கு பேசும் அரச வமிசத்தாள். கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: ஜாதி அடுக்கில் உங்கள் படி எது? அதற்கு விடை கிடைத்த மாத்திரத்தில், அவர்கள் வீட்டுக்குள் எதைப் பேசினார்கள், எதை உண்டார்கள், யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி ஊருக்குக் கவலையில்லை. அமெரிக்கா குடியேறியவனைப் பார்த்து, எம்மைப் போல் ஆகு என்றது. மதுரை, உன் வரிசையில் போய் உட்கார் என்றது. சௌராஷ்டிரர் தமிழராக வேண்டுமென்று வழக்காடவில்லை. வரிசையில் உயர்ந்த இடம் வேண்டுமென்று வழக்காடினர். கார்டனுடைய பாகுபாட்டின்படி பார்த்தால், நடை, உடை, சமய வாழ்வு ஆகியவற்றில் கலத்தல் ஏறக்குறைய முழுமையாகவும், விவாகத்தில் கலத்தல் ஏறக்குறைய சூனியமாகவும் பல நூற்றாண்டு நீடித்தது. இந்த நிலை இங்கே ஒரு குறைபாடாகக் கருதப்படவே இல்லை, ஏனெனில் அவர்களைச் சுற்றியிருந்த ஒவ்வொரு ஜாதியாரும் அவ்வாறே வாழ்ந்தனர்.

இதைப் பாரத நாட்டின் சகிப்புத்தன்மை என்று புகழ்ந்து எழுதுவோர் உளர். அப்புகழ்ச்சியை நான் முழுவதும் ஒப்பமாட்டேன். வரிசையில் இடம் கேட்பவன், தனக்குக் கீழே சிலர் இருப்பதையும் ஒப்புக்கொண்டே கேட்கிறான். பாஷைக்கு இடம் கொடுத்த அதே ஏற்பாடு, ஆலய வாசலில் பலரை வெளியே நிறுத்தியும் வைத்திருந்தது. 1939இல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஹரிஜனங்களை அழைத்துச் சென்ற அ. வைத்தியநாதையருக்குத் துணைநின்ற என். எம். ஆர். சுப்பராமன் சௌராஷ்டிர சமூகத்தில் தோன்றியவர் என்பதை நினைக்கும்போது, ஒரு சமூகத்தின் மனப்போக்கு அந்த ஓலைச்சாசனத்துக்குப் பின் 234 ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது தெரிகிறது.

பாஷையின் உட்புறத்தையும் சிறிது காண்போம். சௌராஷ்டிரப் பேச்சில் பாத் என்றால் சோறு; புளியோதரைக்கு அவர்கள் வழங்கும் பெயர் அம்பட் பாத். சொற்கள் இப்படி வடநாட்டு உறவைக் காட்டிக்கொண்டிருக்க, வாக்கிய அமைப்போ பெரிதும் தமிழ்ப் போக்கிலேயே செல்கிறது. தமிழ் வாக்கியம் ஒன்றை எடுத்து ஒவ்வொரு சொல்லின் இடத்திலும் ஒரு சௌராஷ்டிரச் சொல்லை வைத்துக்கொண்டே போகலாம் என்னும் அளவுக்கு இரண்டும் நெருங்கிவிட்டன என்பதைப் பண்டித் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே பாஷை காக்கப்பட்டது என்று கூறும்போது, அது வந்தபடியே பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டது என்று எண்ணலாகாது.

பெயர்களிலும் இத்தகைய கலப்பைக் காணலாம். தமிழர் தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைப்பது போலவே இவர்களும் வைப்பர். அதற்கு முன்னே, ஆந்திரரைப் போல, வீட்டுப் பெயரின் எழுத்தொன்றும் நிற்கும். 2013இல் மறைந்த பாடகர் டி. எம். சௌந்தரராஜன் பெயரில் உள்ள ‘டி’ தொகுளுவ என்னும் வீட்டுப் பெயர். ‘எம்’ மீனாட்சி ஐயங்கார் என்னும் தந்தை பெயர். தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணம் என்று ஒரு தலைமுறை முழுவதும் எவருடைய குரலைச் சுட்டிக் காட்டியதோ, அவருடைய வீட்டுப் பேச்சு வேறு என்பதைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள்?

இலக்கியத்தில் இவர்கள் செய்துகொண்ட பங்கீடு சிந்திக்கத்தக்கது. தியாகராஜ சுவாமிகளின் சீடராகிய வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) குருவின் கீர்த்தனங்களை ஏட்டில் எழுதிப் போற்றியவர். அந்தச் சுவடிகள் மதுரைச் சௌராஷ்டிர சபையின் பாதுகாப்பிலே இருந்துவந்தன. சங்கீதத்தின் பாஷை தெலுங்காதலால் அவர் தெலுங்கிலும் இயற்றினார். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) பரமக்குடியில் யோகம் பயின்று, ஆழ்வார்திருநகரியில் வைஷ்ணவ தீக்ஷை பெற்று, நாயகி பாவத்தில் நின்று சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடினார். ஆழ்வார்களின் பக்தி இவரிடத்தே ஒரு வடநாட்டுப் பாஷையில் வெளிப்பட்டது. கும்பகோணத்தில் 1920இல் பிறந்து, பட்டு ஜரிகை வியாபாரமும் ‘மணிக்கொடி’ப் பத்திரிகை எழுத்துமாக வாழ்ந்த எம். வி. வெங்கட்ராம், தம் சமூகத்து நெசவாளர் வாழ்வை ‘வேள்வித் தீ’ என்ற நாவலில் வைத்தபோது தமிழில்தான் வைத்தார். ‘காதுகள்’ என்னும் நாவலுக்காகத் தமிழெழுத்தாளராகவே 1993இல் சாகித்திய அகாதமியின் பரிசைப் பெற்றார். வீட்டுக்கு ஒரு பாஷை, இசைக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று வகுத்துக்கொண்டவர்களுக்குத் தம் பேச்சை எழுத வேண்டிய அவசியம் நெடுங்காலம் தோன்றவேயில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி டி. எம். ராமராய் சௌராஷ்டிர லிபிக்குப் புத்துயிர் கொடுத்துப் பாடப் புஸ்தகங்கள் அச்சிட்டார். தேவநாகரியே தகும் என்று ஒரு சாரார் நின்றனர். பெரும்பாலோரோ தமிழெழுத்தின் தலையில் 2, 3, 4 என்னும் இலக்கங்களை ஏற்றி வடவொலிகளைக் குறித்துக்கொண்டு வேலையைப் பார்த்தனர். சௌராஷ்டிர லிபி 2008இல் உலகப் பொதுக் குறியீட்டு முறையாகிய யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த மனிதர் மிகச் சிலரே.

கலந்து வாழ்ந்ததன் உச்சத்தைக் காண விரும்புவோர் சித்திரை மாதத்தில் பரமக்குடிக்குச் செல்ல வேண்டும். மதுரையில் அழகர் வைகையில் இறங்கும் வைபவத்தைத் தமிழருடைய விழாக்களுள் தலையாயது என்று சொன்னால் மிகையாகாது. அதே வைபவம் அதே வைகையின் கரையிலுள்ள பரமக்குடியில், சௌராஷ்டிரருக்குப் பாத்தியமான சுந்தரராஜப் பெருமாள் கோயிலிலிருந்து நடத்தப்படுகிறது. சுற்றுப்புறத்துக் கிராமத்தாரெல்லாம் திரண்டு வந்து வணங்கும் அவ்விழாவில், நடத்துகிறவர் எந்தப் பாஷையில் தமக்குள் பேசிக்கொள்கிறார் என்பது ஒருவருக்கும் ஒரு பொருட்டன்று.

இந்தச் சமநிலையை இக்காலத்துச் சர்க்காரும் இக்காலத்துத் தொழிலும் இருபுறமும் அசைத்திருக்கின்றன. ராஜ்யத்தின் கேள்வி மாறிவிட்டது. 1705இல் பிராமண முறைக்குச் சாசனம் பெற்றவர்களின் சந்ததியார் இன்று தமிழ்நாட்டுச் சர்க்காரின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், பட்டுநூற்காரர் என்ற பழம்பெயரோடு, இடம்பெற்றிருக்கிறார்கள். அன்று உயர்வை நிரூபிக்கவேண்டியிருந்தது, இன்று பின்தங்கியிருப்பதை. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. நெசவுத் தொழில் நசித்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பது பூர்விகப் பெருமையைக் காட்டிலும் மேலானதே. ஜனக்கணக்கிலோ அவர்கள் பேச்சு குஜராத்தியின் தலைப்புக்குக் கீழே அடங்கிவிடுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதைத் தாய்மொழியாகப் பதிந்தவர் 2,47,702 பேர். மதுரையில் அரை நாள் வாழ்ந்தவர்களும் அதைக் குஜராத்தி என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

தொழிலின் மாறுதலே அதிகக் கவலைக்குரியது. விசைத்தறி கைத்தறியை விழுங்கியது. சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதிலும், கடைகளில் அப்பெயரால் விற்பவற்றுள் மெழுகச்சும் யந்திர அச்சும் மலிந்து, கைமுடிச்சுச் சேலை அரிதாயிற்று. தறி வீட்டைவிட்டு வெளியேறியபோது, குழந்தை தொழிலோடு பேச்சையும் கற்ற இடம் மறைந்தது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்றார்கள். அங்கே பக்கத்து வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார் இல்லை. விவாக சம்பந்தத்தை இன்னும் பெரும்பாலோர் சமூகத்துக்குள்ளேயே தேடுகிறார்கள். ஆதலின் சமூகம் நிற்கும், பாஷை நிற்குமா என்பதே ஐயம். நாயக்கர் காலத்துச் சமூகத்தால் கரைக்க முடியாததை ஆங்கிலப் பள்ளிக்கூடமும் வாடகை வீடும் ஓரிரு தலைமுறையில் கரைத்துவிடக் கூடும். அமெரிக்க நூல்கள் கூறும் நியதி இப்போதுதான் மதுரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

2023 ஏப்ரலில் குஜராத்தைச் சேர்ந்த சோமநாதபுரத்தில் நடைபெற்ற சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமத்துக்கு மதுரையிலிருந்து தனி ரயிலில் பலர் சென்று வந்தனர். பூர்விகத்தைக் கண்டுவருதல் நல்லதே. ஆயினும் அவர்கள் பாஷை இன்று உயிரோடிருப்பது சோமநாதபுரத்தில் அன்று. மகால் தெருக்களிலும், பரமக்குடி எமனேசுவரத்திலும், சேலம் அம்மாபேட்டையிலும், கும்பகோணத்திலும், ஐயம்பேட்டையிலுமே. அப்பாஷைக்கு 1990இல் ஓர் அகராதியைச் செய்தளித்தவர் ஜப்பானிலிருந்து வந்த நோரிஹிகோ உசிடா. வாய்மொழி இலக்கியத்தையும் அவரே முன்னர்த் தொகுத்து வெளியிட்டார். நிச்சயதார்த்த வினாவிடையைப் பிழையின்றிச் சொல்லவல்ல பெரியோரும், கைமுடிச்சு போடத் தெரிந்த பாட்டிமாரும் இன்னும் இருக்கிறார்கள். மதுரையிலுள்ள கலாசாலைகளின் தமிழ்த்துறையாரும் பாஷையியல் துறையாரும் தம் மாணவரைத் தெருத்தெருவாக அனுப்பி, அவர்கள் பேச்சை ஊர்வாரியாகவும் தொழில்வாரியாகவும் ஒலிப்பதிவு செய்து வைப்பார்களாக; அதற்கு அதிகப் பொருட்செலவும் வேண்டுவதில்லை, நாளைக்கென்று தள்ளிப்போடவும் கூடாது.